16 நிமிடம், 8 நிமிடம், 7 நிமிடம்: 'ரிலாக்ஸ்' பாட்டின் 12 இஞ்ச் ரீமிக்ஸ்கள்

1983 அக்டோபர் கடைசியில் லண்டனைச் சேர்ந்த இசட்டிடி என்ற புது நிறுவனம் 'ரிலாக்ஸ்' என்ற பாட்டை வெளியிட்டது. பாடியது லிவர்பூல்காரர்களான ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழு. தயாரித்தவர் டிரெவர் ஹார்ன். சிறிய 7 இஞ்ச் இசைத்தட்டில் பாட்டு நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. கூடவே வந்த 12 இஞ்ச் தட்டில் 16 நிமிட ரீமிக்ஸ், அதாவது பாட்டின் ஒலிப்பதிவைப் பிரித்து மறுபடி கோத்த வடிவம், இருந்தது. கிளப்களில் அது எடுபடவில்லை. புகார்கள் வந்ததும் அதைப் பாதியாக வெட்டி எட்டு நிமிடமாக்கினார்கள். அதற்கும் புகார் வந்தது. மூன்றாவதாக ஏழு நிமிடத்துச் சொச்சத்தில் செய்ததுதான் நிலைத்தது. இன்றுவரை கிளப்களில் அந்தப் பாட்டு ஒலிக்கிறதென்றால், பெரும்பாலும் அந்த மூன்றாவது வடிவமோ அதன் வழிவந்த ஒன்றோதான்.

எண்பதுகளின் பாப் பாட்டுகளுக்கு வந்த நீட்டித்த நடன ரீமிக்ஸ்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் இந்த ஒன்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரே பாட்டு, ஒரே தயாரிப்பாளர், ஒரே ஸ்டூடியோ. மாறியது ஒன்றுதான்: அந்தத் தட்டு எங்கே ஒலிக்கப்போகிறது என்பது தயாரிப்பாளருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது. பாட்டை நீட்டுவது ஒரு ரீமிக்ஸின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்துக்காக, அங்கே நின்று ஆடுகிற உடம்புகளுக்காக, பாட்டைத் திரும்ப எழுதுவதுதான் அதன் வேலை என்பது என் வாதம். 'ரிலாக்ஸ்' தட்டுகளை அந்த வாதத்துக்குச் சாட்சியாக வைக்கிறேன்.

12 இஞ்ச் தட்டு எதற்காக வந்தது

எழுபதுகளின் நடுவில் நியூயார்க் டிஸ்கோ கிளப்களுக்காகப் பாட்டுகளை நீட்டித் தந்துகொண்டிருந்தவர் டாம் மோல்டன். ஒரு நாள் சோதனைத் தட்டு வெட்டப் போனபோது 7 இஞ்ச் வெற்றுத் தட்டுகள் தீர்ந்துவிட்டன. மாஸ்டரிங் பொறியாளர் ஹோசே ரோட்ரிகெஸ் கையில் இருந்த பெரிய தட்டிலேயே வெட்டினார். பெரிய தட்டில் அந்தச் சின்னப் பாட்டு நடுவில் ஒரு கீற்றாக மட்டும் கிடந்ததைப் பார்த்து, பள்ளங்களைப் பரப்பி, ஒலியளவையும் ஏற்றச் சொன்னார் மோல்டன். போட்டுக் கேட்டபோது பேஸும் (தாழ்ந்த ஒலியும்) டிரம்மும் அதுவரை கேட்காத பலத்தில் வந்தன. 1976-ல் சால்சோல் நிறுவனம் வால்டர் கிப்பன்ஸ் ரீமிக்ஸ் செய்த 'டென் பெர்சென்ட்' பாட்டை 12 இஞ்ச் தட்டாகக் கடைகளில் விற்றது. கிளப்பில் தட்டுகளை மாற்றி மாற்றிப் போடும் டிஜேக்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த வடிவம் பொதுமக்களிடம் வந்தது அப்போதுதான்.

இதன் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. தட்டில் ஒலி என்பது ஊசி ஓடும் பள்ளத்தின் வளைவு. பேஸ் ஒலிக்குப் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக வளைய வேண்டும். ஒலியைக் கூட்டினால் இன்னும் அகலம். அகலமான பள்ளங்களுக்கு இடம் வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் அடைக்கிறோம் என்பதும், எவ்வளவு சத்தமாக வெட்டலாம் என்பதும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. 12 இஞ்ச் தட்டில் நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் பேஸுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். நிமிடங்களை ஏற்றிக்கொண்டே போனால் பள்ளங்கள் நெருங்கும், ஒலியளவு இறங்கும், எதற்காகப் பெரிய தட்டு வந்ததோ அந்தப் பலனே குறைந்துபோகும். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த 16 நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் டிஜேயின் கை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் கடைசித் தாளத்தோடு அடுத்த பாட்டின் முதல் தாளத்தைச் சேர்க்க அந்த நெம்பு போதும். ஆனால் சேர்க்க ஏதாவது இருக்க வேண்டுமே! 7 இஞ்ச் பாட்டு முதல் சில விநாடிகளிலேயே குரலைக் கொண்டுவந்துவிடும். முடிவிலோ மங்கி மறைந்துவிடும். 12 இஞ்ச் ரீமிக்ஸில் முன்னும் பின்னும் வெறும் டிரம் ஓடுவது அதனால்தான். வீட்டில் கேட்பவருக்கு அது இழுவையாகப் படலாம். டிஜேக்கு அது கைப்பிடி.

சரி, எண்பதுகளின் பாப்புக்கு வருவோம். டிஸ்கோவில் டிரம் அடித்தவர்கள் மனிதர்கள். தாளம் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் நகரும். 1980-ல் லின் எல்எம்-1, 1982-ல் லின்டிரம் என்று டிரம் மெஷின்கள் வந்ததும் தாளம் அசையாமல் நின்றது. அசையாத தாளம் இரண்டு பேருக்கு வரமானது. ஒருவர் டிஜே. இன்னொருவர், டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டும் ரீமிக்ஸர். விநாடிக்கு 30 இஞ்ச் வேகத்தில் ஓடும் டேப்பில், நிமிடத்துக்கு 115 தாள அடி போகும் பாட்டின் ஒரு தாள அடி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் டேப். அளந்து வெட்டலாம். எந்த இடத்தில் வெட்டினாலும் தாளம் பொருந்தும். மார்ட்டின் ரஷன்ட் 1982-ல் ஹியூமன் லீக் குழுவின் பாட்டுகளை 'லவ் அண்ட் டான்சிங்' என்ற ஆல்பமாக மாற்றியபோது இப்படி ஆயிரக்கணக்கான வெட்டுகளைக் கையாலேயே போட்டார். கணினி இல்லாத காலத்தில் நடந்தது இது. அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகளின் பொறுமைமீது பெரிய மரியாதை வருகிறது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நியூ ஆர்டர் குழு 'ப்ளூ மன்டே' பாட்டை 12 இஞ்ச் தட்டாக மட்டுமே வெளியிட்டது. பிரிட்டனில் அதிகம் விற்ற 12 இஞ்ச் சிங்கிள் (ஒற்றைப் பாட்டுத் தட்டு) அதுதான். ஆக 'ரிலாக்ஸ்' வந்த நேரத்தில் ஆங்கிலேய இளைஞர்களுக்கு நீளமான பாட்டு புதிதல்ல. கடைகளில் தட்டுகள் இருந்தன, வாங்க ஆளும் இருந்தது.

பாட்டு உருவான விதம்

டிரெவர் ஹார்ன் அப்போதே பெயர் பெற்றவர். தி பக்கிள்ஸ் குழுவில் பாடி 1979-ல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பார்த்தவர். ஏபிசி குழுவின் முதல் ஆல்பத்தை 1982-ல் தயாரித்தவர். மனைவி ஜில் சின்க்ளேர், இசைப் பத்திரிகையாளர் பால் மார்லி இருவரோடும் சேர்ந்து 1983-ல் இசட்டிடியைத் தொடங்கினார். நாட்டிங் ஹில் பகுதியில் பேசிங் தெருவில் இருந்த சார்ம் வெஸ்ட் ஸ்டூடியோ அவர்கள் கையில் இருந்தது. ஃப்ராங்கி குழுவை ஹார்ன் முதலில் பார்த்தது 'தி டியூப்' என்ற டிவி நிகழ்ச்சியில்.

'ரிலாக்ஸ்' ஒரே மூச்சில் வந்த பாட்டல்ல. குழுவை வாசிக்க வைத்து ஒரு வடிவம் செய்தார்கள், தூக்கிப் போட்டார்கள். பாடகர் இயன் டூரியோடு வாசித்த தி ப்ளாக்ஹெட்ஸ் கலைஞர்களை வரவழைத்து இன்னொன்று செய்தார்கள், அதையும் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஹார்னும் அவருடைய ஸ்டூடியோ ஆட்களான ஆண்டி ரிச்சர்ட்ஸ், ஸ்டீவன் லிப்சன், ஜே.ஜே. ஜெக்ஸலிக் ஆகியோரும் லின் டிரம் மெஷினையும் ஒலிகளைப் பதிந்து வாசிக்க உதவும் ஃபேர்லைட் சாம்ப்ளரையும் வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். அந்த இறுதி வடிவத்தில் குழுவின் பாடகர் ஹாலி ஜான்சனின் குரல் இருக்கிறது. மற்ற உறுப்பினர்களின் பங்கு, அவர்கள் நீச்சல் குளத்தில் குதித்த சத்தத்தைப் பதிவுசெய்து சாம்ப்ளரில் பயன்படுத்தியது மட்டும்தான் என்று சொல்லப்படுகிறது. ஸ்டூடியோ செலவு 70,000 பவுண்டை எட்டியதாகவும் பேச்சு உண்டு.

இந்த விவரம் ஆய்வுக்குத் தேவை. ஏனென்றால் 'ரிலாக்ஸ்' பிறக்கும்போதே கட்டுமானப் பொருட்களாகப் பிறந்த பாட்டு. ஒரே சுரத்தில் ஊன்றி நிற்கும் பேஸ், அடிக்கு அடி விழும் கிக் டிரம், அவற்றின்மேல் தனித்தனியாக ஏற்றி இறக்கக்கூடிய ஒலிகள். ரீமிக்ஸ் செய்ய இதைவிட வசதியான மூலப்பொருள் கிடைக்காது. ஆகவே முதல் 12 இஞ்ச் ஏன் சரியாக வரவில்லை என்பதற்குப் பாட்டைக் குறைசொல்ல முடியாது.

16 நிமிடம்

முதல் ரீமிக்ஸுக்கு 'செக்ஸ் மிக்ஸ்' என்று பெயர். 16 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. பேஸ் இருக்கிறது, கிக் டிரம் இருக்கிறது, ஹாலி ஜான்சன் குரலால் என்னென்னவோ செய்கிறார். குளத்தில் குதிக்கும் சத்தம் வருகிறது. வாளித் தண்ணீரில் பொருட்களைப் போட்டு ஹார்ன் உண்டாக்கிய களக் புளக் சத்தங்களும் வருகின்றன. வராதது பாட்டு. நாம் முணுமுணுக்கிற பல்லவி அதில் முறையாக வருவதே இல்லை.

தனியாக உட்கார்ந்து கேட்டால் எனக்கு இது பிடிக்கிறது. ஒரு ஸ்டூடியோவில் நாலு பேர் விடியும்வரை விளையாடியதன் பதிவு என்று எடுத்துக்கொண்டால் அதில் துணிச்சல் இருக்கிறது. ஆனால் இதை ஆடுபவரின் கால்களிலிருந்து பார்க்க வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 115 அடி என்றால் 16 நிமிடத்தில் 1,840 அடி. நாலடித் தாளக்கட்டில் 460 சுற்று. ஆடுகிறவரின் உடம்பு எட்டு சுற்றுக்கு ஒருமுறை, பதினாறு சுற்றுக்கு ஒருமுறை ஏதாவது மாறும் என்று எதிர்பார்க்கிறது. ஒரு கருவி விலகும், ஒன்று சேரும், குரல் நுழையும், பல்லவி திறக்கும். அந்த எதிர்பார்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, சரியான கணத்தில் நிறைவேற்றுவதுதான் நடன இசையின் இலக்கணம். 460 சுற்றுக்கு எதிர்பார்க்க வைத்துவிட்டுப் பல்லவியைத் தராமல் விட்டால் கால்கள் வெளியேறிவிடும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. ஹார்ன் பின்னாளில் பேட்டிகளில் சொன்னபடி, அதிகம் புகார் வந்தது ஓரினச்சேர்க்கையாளர்களின் கிளப்களிலிருந்து. அங்கே இருந்தவர்களுக்கு அது அருவருப்பாகப் பட்டது. இதை நான் லேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஜான்சனும் உடன்பாடிய பால் ரதர்ஃபோர்டும் தாங்கள் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்பதை அந்தக் காலத்திலேயே மறைக்காதவர்கள். பாட்டு அவர்களுடைய உலகத்திலிருந்து வந்தது. அந்த உலகத்தின் ஆடுதளம்தான் இந்தத் தட்டின் தாய்வீடாக இருந்திருக்க வேண்டும். பாட்டில் இருக்கும் காமம் அங்கே கொண்டாட்டம். அதே காமத்தை வாளித் தண்ணீர் சத்தமாக மாற்றியபோது அது வெளியாள் செய்த கேலியாகக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஹார்னிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பதை அவர் நேரில் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாதியாக வெட்டியும் தீரவில்லை

புகார் வந்ததும் செய்த காரியம் எந்த நிறுவனமும் செய்யக்கூடியதுதான். உறுத்திய பகுதிகளை எடுத்துவிட்டு 16 நிமிடத்தை எட்டாகக் குறைத்தார்கள். பழைய பெயரிலேயே அது கடைக்குப் போனது.

இப்போது வேறு திசையிலிருந்து குரல் எழுந்தது. தட்டை வாங்கியவர்கள் கேட்டார்கள்: நாங்கள் ரேடியோவில் கேட்ட பாட்டு இதில் எங்கே? நியாயமான கேள்வி. 7 இஞ்சைவிட அதிக விலை கொடுத்து ஒருவர் பெரிய தட்டை வாங்குகிறார். தனக்குப் பிடித்த பாட்டு இன்னும் அதிகமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறார். வீட்டுக்குப் போய் ஊசியை வைத்தால் பாட்டே இல்லை. ஹார்னுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் அப்போது பிடிபடவில்லை. பிறகுதான் பிடிபட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நீளம் பிரச்சினையாக இருந்திருந்தால் எட்டு நிமிட வடிவத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அளவு சரியாகிவிட்டது, தட்டில் பேஸுக்கு இடமும் இருந்தது, ஆனாலும் அது நிற்கவில்லை. ஆகவே குறை வேறெங்கோ இருந்தது.

கிங் தெரு, நியூயார்க்

அந்தச் சமயத்தில் ஹார்ன் நியூயார்க் போனார். அங்கே மன்ஹாட்டனில் 84, கிங் தெருவில் இருந்த பாரடைஸ் கராஜ் கிளப்புக்குப் போனார். பழைய கார் நிறுத்துமிடத்தை மாற்றி அமைத்த இடம் அது. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். 1977-லிருந்து 1987 வரை நடந்தது. மது விற்பனை கிடையாது. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். ஓரினச்சேர்க்கையாளர்கள் மிக அதிகம். வந்தது ஆடுவதற்கு, விடியும்வரை ஆடுவதற்கு. ரிச்சர்ட் லாங் அமைத்த ஒலியமைப்பு நகரத்தில் பேர்போனது. டிஜே லாரி லெவன்.

ஹார்ன் அங்கே கண்டது இதுதான்: ஒரு தட்டு தனியாக ஒலிப்பதில்லை. முன்னால் ஓடிய தட்டிலிருந்து முளைத்து, பின்னால் வரும் தட்டுக்குள் கலக்கிறது. டிஜே இரவு முழுவதையும் ஒரே இசைக்கோவையாகக் கட்டுகிறார். 12 இஞ்ச் தட்டு அந்தக் கட்டடத்தில் ஒரு கல். கல்லுக்கு நாலு பக்கமும் ஒழுங்கான விளிம்பு வேண்டும், உள்ளே பலமும் வேண்டும். 'செக்ஸ் மிக்ஸ்' தன்னையே முழுக் கட்டடமாக நினைத்துக்கொண்டது.

பேஸும் கிக்கும் மார்பில் அறைகிற அளவுக்கு ஒலிக்கும் இடத்தில் நின்றால் இன்னொன்றும் புரியும். லண்டன் ஸ்டூடியோவில் சலிப்பாகத் தெரியும் பதினாறு சுற்று வெறும் டிரம், அங்கே சலிப்பதில்லை. காற்றே அசையும்போது அதற்குமேல் அலங்காரம் தேவைப்படுவதில்லை. வாளிச் சத்தம் மாதிரியான வேடிக்கைகள் ஸ்டூடியோவின் சின்ன ஸ்பீக்கர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் அலுப்பைப் போக்க வந்தவை. ஆடுதளத்தில் இருப்பவருக்கு அலுப்பு இல்லை, ஆகவே அந்த மருந்தும் வேண்டாம்.

திரும்பி வந்து செய்த மூன்றாவது ரீமிக்ஸ் 'நியூயார்க் மிக்ஸ்' என்று அறியப்படுகிறது. ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இதில் பாட்டு இருக்கிறது; சரணமும் பல்லவியும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தாளத்துக்கும் பேஸுக்கும் போதுமான திறந்தவெளி இருக்கிறது. பல்லவி வரும்போது, காத்திருந்து கிடைத்த உணர்வு கிடைக்கிறது. 7 இஞ்சில் அதே பல்லவிக்கு அந்த எடை இல்லை, ஏனென்றால் அங்கே காத்திருப்பே இல்லை. என் காதுக்கு 'ரிலாக்ஸ்' பாட்டின் முழுமையான வடிவம் இந்த ஏழு நிமிடம்தான். நாலு நிமிடம் அதன் சுருக்கம்.

இதற்கிடையே நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1984 ஜனவரி 11 அன்று பிபிசி ரேடியோ 1-ன் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் மைக் ரீட் இந்தப் பாட்டை இனிப் போட மாட்டேன் என்று ஒலிபரப்பிலேயே அறிவித்தார். பிபிசியும் தடை விதித்தது. தடைக்குப் பிறகு பாட்டு முதலிடத்துக்குப் போய் ஐந்து வாரம் நின்றது. 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' டிவி நிகழ்ச்சி அந்த வாரங்களில் முதலிடப் பாட்டைக் காட்ட முடியாமல் வெறும் புகைப்படத்தைக் காட்டியது. தடையால்தான் விற்றது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். நாட்டின் மிகப் பெரிய ரேடியோ ஒதுக்கிய பாட்டை மக்கள் எங்காவது கேட்டாக வேண்டும். கிளப்கள் அந்த வேலையைச் செய்தன. கிளப் அந்த வேலையைச் செய்ய, கிளப்பில் ஓடக்கூடிய தட்டு வேண்டும்.

டூ டிரைப்ஸ்

பாடம் கற்றவர் அடுத்துச் செய்ததைப் பார்த்தால்தான் பாடம் என்ன என்பது உறுதியாகும். குழுவின் இரண்டாவது பாட்டு 'டூ டிரைப்ஸ்' 1984 ஜூனில் வந்தது. வந்த வாரமே முதலிடம். ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. ஜூலையில் 'ரிலாக்ஸ்' மறுபடி ஏறி இரண்டாம் இடத்துக்கு வர, பட்டியலின் முதல் இரண்டு இடங்களும் ஒரே குழுவிடம் இருந்தன.

பாட்டின் பொருள் அணு ஆயுதப் போர். முந்தைய நவம்பரில்தான் அமெரிக்க க்ரூஸ் ஏவுகணைகள் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் தளத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. போர் மூண்டால் வீட்டில் எப்படிப் பதுங்குவது, இறந்தவரின் உடலை என்ன செய்வது என்றெல்லாம் சொல்லும் 'ப்ரொடெக்ட் அண்ட் சர்வைவ்' என்ற அரசாங்கத் தயாரிப்புப் படங்கள் இருந்தன. அவற்றுக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் பேட்ரிக் ஆலன். இசட்டிடி அவரையே கூப்பிட்டு, அதே அமைதியான அதிகாரத் தொனியில், அதே வகை வாசகங்களைப் பேச வைத்தது. 'அனிஹிலேஷன்' என்ற ஒன்பது நிமிட 12 இஞ்ச் ரீமிக்ஸில் விமானத் தாக்குதல் சைரனும் அந்தக் குரலும் பேஸும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எண்பதுகளின் மிகச் சிறந்த நீட்டித்த ரீமிக்ஸ் இதுதான் என்பது என் முடிவு. காரணம் சொல்கிறேன். 'செக்ஸ் மிக்ஸ்' பாட்டுக்குப் பதிலாகச் சத்தங்களை வைத்தது. 'அனிஹிலேஷன்' பாட்டை வைத்துக்கொண்டே, 7 இஞ்சில் இடமில்லாத ஒரு பொருளைச் சேர்த்தது. அந்த அரசாங்கக் குரல் வெறும் அலங்காரம் கிடையாது. பாட்டு எதைப் பற்றியதோ அதுவே அந்தக் குரல். மேலும், குரல் பேசும்போது பேஸ் நிற்பதில்லை. சாவைப் பற்றிய அறிவுரையைக் கேட்டபடியே கால்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஏவுகணைகள் பக்கத்து ஊரில் இறங்கியிருந்த அந்தக் கோடையில், இருபது வயதுக்காரர்கள் ஒரு கூரையின் கீழே கூடி அப்படி ஆடியிருக்கிறார்கள். பயத்தை மறக்கவைப்பதற்குப் பதிலாக, பயத்தோடு சேர்ந்து ஆடவைக்கிற இசை. அதற்கு ஒன்பது நிமிடம் தேவைப்பட்டது. ஒரு நிமிடம்கூட வீணில்லை.

இனி வியாபாரப் பக்கம். 'அனிஹிலேஷன்' வந்த சில வாரங்களில் 'கார்னேஜ்', அதன்பின் 'ஹிபாகுஷா' என்று ஒரே பாட்டுக்குப் புதுப்புது 12 இஞ்ச் ரீமிக்ஸ்கள் கடைக்கு வந்தன. எந்த வடிவத்தை வாங்கினாலும் விற்பனைப் பட்டியலில் அது ஒரே பாட்டின் கணக்கில் சேரும். முதலிடத்தில் ஒன்பது வாரம் நிற்க இது உதவியது என்பதில் சந்தேகமில்லை. மற்ற நிறுவனங்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. பின்னாளில், ஒரு சிங்கிளின் எத்தனை வடிவங்களைக் கணக்கில் சேர்க்கலாம் என்று பிரிட்டனில் வரம்பு வைக்கும் நிலை வந்தது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் கைக்காசைச் சேர்த்து ஒரே பாட்டை மூன்று முறை வாங்கியது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் ஃப்ராங்கி தட்டுகளில் ஒவ்வொரு வடிவத்திலும் உண்மையான வேலை இருந்தது. அந்த வழியைப் பின்பற்றிய பலர் வேலையை விட்டுவிட்டு விற்பனை முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு

1984-க்கும் 1988-க்கும் இடையில் 12 இஞ்ச் இல்லாமல் ஒரு பாப் சிங்கிள் வருவது அபூர்வமானது. நல்ல ரீமிக்ஸ்களைச் செய்தவர்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஆர்தர் பேக்கர், ஜெல்லிபீன் பெனிட்டெஸ், ஷெப் பெட்டிபோன், ஃபிரான்ஸ்வா கெவோர்க்கியன் என்று பலரும் நியூயார்க்கின் கிளப் வழியாகவோ டிஜே மேடை வழியாகவோ வந்தவர்கள். ஹார்ன் ஒரு பயணத்தில் போய்ப் பார்த்ததை அவர்கள் தினசரி வாழ்ந்தார்கள். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடிய 'டான்சிங் இன் தி டார்க்' பாட்டை பேக்கர் 1984-ல் ரீமிக்ஸ் செய்தபோது ராக் ரசிகர்கள் சிலர் கோபப்பட்டார்கள். மணியோசைகளும் பின்னணிக் குரல்களும் எதற்கு என்று கேட்டார்கள். அது அவர்களுடைய வரவேற்பறைக்காகச் செய்யப்பட்டதில்லை என்பதுதான் பதில்.

மோசமானவையும் ஏராளம். முதல் ஒரு நிமிடம் டிரம், பிறகு முழுப் பாட்டு அப்படியே, நடுவில் பாடகரின் ஒரே அசையைச் சாம்ப்ளரில் போட்டுத் திக்கவைப்பது, கடைசியில் மறுபடி டிரம். இவற்றை வரிசையாகக் கேட்டால் 16 நிமிட 'செக்ஸ் மிக்ஸ்' மீது எனக்கு மரியாதை கூடுகிறது. அது தவறிய முயற்சி, ஆனால் முயற்சி. இவற்றில் முயற்சியே இல்லை.

ஹார்னும் அவருடைய குழுவும் எடுத்த அடுத்த அடி 1985-ல் கிரேஸ் ஜோன்ஸ் பாடிய 'ஸ்லேவ் டு தி ரிதம்'. முதலில் ஃப்ராங்கி குழுவுக்காக நினைத்திருந்த பாட்டு. ஆல்பம் முழுவதும் அந்த ஒரே பாட்டின் வெவ்வேறு வடிவங்கள், மொத்தம் எட்டு. நடுவில் நடிகர் இயன் மெக்‌ஷேனின் குரல் வருகிறது. கிரேஸ் ஜோன்ஸின் பேச்சும் வருகிறது. இங்கே இடம் மாறிவிட்டது. ஆடுதளத்துக்கான தட்டு இது அல்ல. வீட்டில் உட்கார்ந்து முழு ஆல்பமாகக் கேட்க வேண்டியது. பல்லவியைத் தள்ளிப்போடுவது, குரலைப் பாட்டிலிருந்து பிரித்து எடுப்பது, சத்தங்களையே காட்சியாக்குவது என்று 'செக்ஸ் மிக்ஸ்' கிளப்பில் செய்யப் பார்த்துத் தோற்ற பலவும் இங்கே சரியாக அமர்ந்திருக்கின்றன. அதே ஆசைகள்தான். அவற்றுக்கு ஏற்ற அறை 1985-ல் கிடைத்தது.

இந்த ரீமிக்ஸ்களை இன்று தேடிக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 'செக்ஸ் மிக்ஸ்' என்ற பெயரில் 16 நிமிட வடிவமும் உண்டு, எட்டு நிமிட வடிவமும் உண்டு. தொகுப்பு ஆல்பங்களிலும் இணையத்திலும் பெயர்கள் குழம்பிக் கிடக்கின்றன. பெயரை விட்டுவிட்டு நீளத்தைப் பார்த்து எடுங்கள். முதலில் 7 இஞ்ச் வடிவம், அப்புறம் 16 நிமிடம், கடைசியில் 'நியூயார்க் மிக்ஸ்' என்ற வரிசை நல்லது. ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் ஒழுங்காக வரும் ஸ்பீக்கரில், அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குச் சத்தமாக, முடிந்தால் எழுந்து நின்று கேளுங்கள்.